யாரும் எழுந்து போகாத கூட்டம்

தலைவர் கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, நிகழ்ச்சி நிரலே கிடையாது என்று சொல்லி ஒரு கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? கூப்பிட்டவருக்கு மண்டை குழம்பிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். மலர்க்கொடியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் புக்கிட் காத்தில் டேவான் என்ற பொது மண்டபத்தின் வாசலில் தன் பள்ளி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவளுக்கு அன்றைக்கு வேறு போக்கிடம் இல்லை.

இந்தக் கூட்டத்தைப் பற்றி அவளிடம் சொன்னது ஜாசினில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் முஃபீத். மூன்று தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கும் குடும்பம். தாத்தா காலத்தில் ஜவுளி, அப்பா காலத்தில் பாத்திரம், இவன் காலத்தில் போன். "அக்கா, நம்ம கம்ப்யூட்டர் பசங்க எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம் போடுறாங்க. அன்கான்ஃபரன்ஸ்னு பேரு. யாரு வேணும்னாலும் எதைப் பத்தி வேணும்னாலும் பேசலாம் லா. உங்க பிரச்சினைய ஒரு அட்டையில எழுதி செவுத்துல ஒட்டுங்க, தெரிஞ்சவங்க வந்து உக்காருவாங்க" என்றான்.

"நான் வேன் ஓட்டுறவ தம்பி. அங்க வந்து என்னத்தப் பேசுறது?"

"உங்க வேன் மெசேஜ நீங்கதானே செஞ்சீங்க? அப்புறம் என்ன? நீங்களும் டெக்னாலஜிதான்."

அது என்னவோ உண்மைதான். புக்கிட் செராய் என்ற எண்ணெய்ப் பனைத் தோட்டத்திலிருந்து ஜாசின் டவுன் தமிழ்ப்பள்ளிக்குப் பதினொரு பிள்ளைகளை ஏற்றிப் போகிறாள் மலர்க்கொடி. போன வருடம் யூடியூபைப் பார்த்துப் பார்த்து, ஒரு வாரம் ராத்திரிச் சமையலைக் கருக விட்டு, தன் போனிலேயே ஒரு வேலை செய்துவைத்தாள். போன் திரையில் நான்கு பெரிய பொத்தான்கள். மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது ஒன்று, பனைக்குலை எடை மேடையில் ஒன்று, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஒன்று, தொழிலாளர் குடியிருப்பான நாலாம் நம்பர் லயத்துக்கு முன்னால் ஒன்று. அமுக்கினால் அந்தந்தப் பக்கத்துப் பெற்றோருக்கு அவளுடைய குரலே போய்ச் சேரும்: "ஆன்ட்டி வந்துட்டேன், சப்பாத்துப் போட்டு ரெடியா இருங்க!" பிள்ளைகள் இருட்டில் சிம்பாங்கில், சாலை முனையில், வந்து நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்து, குரல் கேட்டதும் காலணியை மாட்டிக்கொண்டு வந்தால் போதும். இதைச் செய்து முடித்த அன்று அவளுக்கு இருந்த பெருமையைப் பார்த்து, வேனுக்கே கொம்பு முளைத்துவிட்டதா என்று கேலி செய்தான் அவள் கணவன்.

போன மாதம் ஓர் இடி விழுந்தது. மேட்டில் நின்ற டவர் செத்துப்போனது. சரிசெய்ய மூன்று மாதமாகும் என்று சொல்லிவிட்டார்கள். லயத்து வீடுகளில் வைஃபை இருக்கிறது, கவலையில்லை. ஆனால் கோயிலைத் தாண்டிய பிறகு தோட்டத்துச் சாலை முழுக்க வேனுக்கு சிக்னல் கிடையாது. அவள் அமுக்குகிற பொத்தான்கள் எல்லாம் போனுக்குள்ளேயே தேங்கி நின்று, பெரிய ரோட்டில் வேன் ஏறியதும் மொத்தமாகப் பாய்ந்தன. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியே வந்த பிறகு, "ரெடியா இருங்க" என்று போய் என்ன பயன்? அன்றிலிருந்து ஆரன் அடித்துத்தான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் அவளைத் தூங்க விடாமல் அடித்தது. நாலாம் நம்பர் லயத்துத் திவ்யதர்ஷினி, மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா பெரியநாயகி ஐந்தரைக்கே ஃபேக்டரி பஸ் ஏறிவிடுவாள். பிள்ளை வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து, அம்மா விட்டுப்போன இன்னொரு போனில் மெசேஜுக்குக் காத்திருக்கும். அன்றும் மெசேஜ் போகவில்லை. மலர்க்கொடி ஆரன் அடித்தாள், அடித்தாள். அடைமழையில் அது யார் காதில் விழும்? பிள்ளைக்குக் காய்ச்சல் போலிருக்கிறது, அம்மா அனுப்பிய மெசேஜும் நமக்கு வராமல் மாட்டியிருக்கும் என்று நினைத்துப் போய்விட்டாள். பத்து மணிக்கு யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொப்பலாக நனைந்து பள்ளி வாசலில் வந்து இறங்கியது பிள்ளை. அழவில்லை. "ஆன்ட்டி, நான் ரெடியாதான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னது. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று மலர்க்கொடிக்கு இருந்தது. வரும் திங்கட்கிழமை ஆண்டிறுதிப் பரீட்சை தொடங்குகிறது. அதற்குள் ஒரு வழி பிறக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறாள்.

டேவானுக்குள் நுழைந்தால் அங்கே நாற்காலிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏற்பாட்டாளர் ஜனகா, முப்பது வயதுக்குள்தான் இருக்கும், டீ-சட்டை போட்ட பெண், நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டே போனாள். டேவானைப் பார்த்துக்கொள்ளும் தம்புசாமி அவள் பின்னாலேயே போய் அவற்றை வரிசையாகத் திருப்பிக்கொண்டே வந்தார். முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட ஆறு நாற்காலிகள். மேசை மீது பன்னீர்ச் செம்பு, தட்டில் மடித்த பொன்னாடை ஒன்று.

"அண்ணே, யாருக்கு இந்தப் பொன்னாடை? சிறப்பு விருந்தினரே இல்லன்னு சொன்னேனே" என்றாள் ஜனகா.

"இல்லன்னா என்னம்மா, திடீர்னு யாராவது வந்துட்டா? அப்ப ஓட முடியுமா?" என்றார் தம்புசாமி. இருபது வருடமாக அந்த டேவானில் பொன்னாடை இல்லாத கூட்டம் ஒன்றை அவர் பார்த்ததில்லை. கடைசியில் நாற்காலிகள் வட்டமும் இல்லாமல் வரிசையும் இல்லாமல் அரை மனதாக வளைந்து நின்றன. வந்த நாற்பது பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். வெள்ளை உறை நாற்காலிகளில் உட்கார ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஜனகா சுவரில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை ஒட்டினாள். அதில் கட்டங்கள். பெரிய மண்டபம், மாடி அறை, பின்னறை என்று மூன்று இடங்கள். பத்து மணி, பதினோரு மணி என்று இரண்டு நேரங்கள். அதற்குப் பிறகு சாப்பாடு. "கட்டம் எல்லாம் காலியா இருக்கு. நிரப்பப்போறது நீங்கதான். ஒரே ஒரு சட்டம்தான் இங்க உண்டு. இரண்டு கால் சட்டம்னு பேரு. உக்காந்திருக்கிற இடத்துல உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல, உங்களால மத்தவங்களுக்கும் பிரயோஜனம் இல்லன்னா, ரெண்டு கால் இருக்குல்ல, எழுந்து அடுத்த அறைக்குப் போயிடுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அது மரியாதைக் குறைவு இல்ல" என்றாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நம் ஆட்கள் தலையாட்டுவதை நம்பி யாரும் எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது.

அட்டைகளை நீட்டினாள். யாரும் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலர்க்கொடியின் கையில் அட்டை ஏற்கனவே இருந்தது, முஃபீத் வாசலிலேயே திணித்திருந்தான். ஆனால் பெரியவர்கள் இருக்க, நாம் எப்படி முதலில் போவது என்று அவளும் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது எழுந்தார் இராஜரட்ணம். எழுபதைத் தாண்டியவர், நில அளவை அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து மூன்று தலைமுறை ஆனாலும் பேச்சில் அந்த வாசம் போகாத குடும்பம். ஜனகாவுக்குச் சொந்தப் பெரியப்பா. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் மடிக்கணினி. நேராகப் போய் பெரிய மண்டபம், பத்து மணி என்ற கட்டத்தில் தன் அட்டையை ஒட்டினார்: "ரோஜாச் செடிகளுக்குத் தானே நீர் ஊற்றும் கருவி."

அவர் போட்ட பாதையில் மற்றவர்களும் போனார்கள். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரஷாந்த் என்ற இளைஞன், மாடி அறையில் பத்து மணிக்கு ஏதோ ஒட்டினான். மலர்க்கொடி தன் அட்டையைப் பின்னறை, பதினோரு மணி என்ற கட்டத்தில் ஒட்டினாள். "தோட்டத்தில் சிக்னல் இல்லை. என் வேன் மெசேஜ் போகவில்லை. திங்கட்கிழமைக்குள் வழி வேண்டும்." ஒட்டிய அட்டை கோணலாக நின்றது. பதினோரு பிள்ளைகளோடு சேற்று ரோட்டில் வேன் ஓட்டும் கை அது.

பத்து மணிக்கு இராஜரட்ணம் பேச ஆரம்பித்தார். மாடி அறைக்கு ஒருவரும் போகவில்லை. பெரியவர் பேசும்போது முதுகைக் காட்டிக்கொண்டு மாடி ஏறுவதா? பிரஷாந்தே தன் கூட்டத்தைக் கைவிட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

ஆரம்பத்தில் பேச்சு நன்றாகவே இருந்தது. தொட்டி மண்ணில் ஈரம் பார்க்கும் ஒரு கம்பி. மண் காய்ந்தால் குழாய் தானாகத் திறக்கும். அந்தக் கம்பி ஆறு மாதத்தில் துருப்பிடித்துப்போக, அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் கடிகாரத்தை வைத்தார். வெயில் நாளுக்கு ஒரு சுவிட்சு, மழை நாளுக்கு ஒரு சுவிட்சு. காலையில் வானத்தைப் பார்த்து எதையாவது தட்டிவிட்டால் மிச்சத்தைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். பத்தரைக்கு அவருடைய படங்கள் தீர்ந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு, எழாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இராஜரட்ணம் சபையைப் பார்த்தார். சபை இராஜரட்ணத்தைப் பார்த்தது. "அப்ப, ஒவ்வொரு செடியா சொல்லட்டே?" என்றார் அவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? முதல் ரோஜா கேமரன் மலையிலிருந்து வந்தது. இரண்டாவது ரோஜா முதல் ரோஜாவின் மகள். மூன்றாவது ரோஜாவை ஒரு தைப்பூசத்தன்று பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துவிட்டது. ஆட்டுக்காரரோடு நடந்த பேச்சுவார்த்தை மட்டும் பத்து நிமிடம் ஓடியது. பத்தே முக்காலுக்கு ஜனகா மணி அடித்தாள். சொந்தப் பெரியப்பா ஆயிற்றே, வலிக்காமல் அடித்தாள். "நல்ல சத்தம். வெங்கலமோ?" என்று கேட்டுவிட்டு நாலாவது ரோஜாவுக்குப் போனார் அவர்.

பதினோரு மணி. மலர்க்கொடி ஐந்தாவது வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கூட்டம் பின்னறையில் அந்த நிமிடம் தொடங்க வேண்டும். அதற்கு அவளே போகவில்லை! இந்தப் பக்கம் நாலு முழங்கால், அந்தப் பக்கம் நாலு முழங்கால். எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்? இன்னும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார் என்று நினைத்தாள். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. சன்னல் வழியாகப் பின்னறை தெரிந்தது. பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசம் வர ஆரம்பித்துவிட்டது. நம் கூட்டங்களில் சாப்பாடு முடிந்தால் கூட்டமும் முடிந்தது. கை கழுவிய பிறகு ஒருவரைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. இப்போது இல்லையென்றால் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இல்லையென்றால் திங்கட்கிழமை இருட்டில், மழையில், மறுபடியும் அதே பிள்ளை. 'நான் ரெடியாதான் இருந்தேன்' என்ற அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. மலர்க்கொடிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை; தன் மேல்தான் முக்கால்வாசி.

எழுந்து நின்றாள்.

டேவானே திரும்பிப் பார்த்தது. இராஜரட்ணம் ஆறாவது ரோஜாவின் நடுவில் நிறுத்தினார். "ஏன் பிள்ளை எழும்பிட்டீர்? விளங்கேல்லையோ?"

"அங்கிள், மன்னிச்சிக்குங்க." ஒருமுறை கனைத்துக்கொண்டாள். "உங்க ரோஜா எல்லாம் நல்லாதான் இருக்கு. ஆனா பதினோரு மணிக்கு அந்தப் பின்னால ரூம்ல என்னோட கூட்டம். நானே இன்னும் போவல. நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். திங்கக்கிழமை என் புள்ளைங்களுக்குப் பரீட்சை. அதுங்க இருட்டுல நிக்காம இருக்கிறதுக்கு எனக்கு இன்னிக்கே ஒரு வழி வேணும் அங்கிள். நான் போறேன். வர்றவங்க வரலாம், வராதவங்க உக்காந்து கேளுங்க."

சொல்லிவிட்டாள். தம்புசாமி வாயைத் திறந்தபடி நின்றார். ஜனகா கையிலிருந்த மணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், அது தானாக அடித்துவிடுமோ என்பதுபோல.

இராஜரட்ணம் மைக்கைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு ஒரு பெரிய பெருமூச்சு விட்டார். மைக் இல்லாமலேயே அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அப்பாடா! பிள்ளை, நீர் நல்லா இருப்பீர்!" என்றார். "எனக்குப் பத்தரைக்கே எல்லாம் முடிஞ்சுது. ஒருத்தரும் எழும்பேல்லை. இவ்வளவு சனம் ஆசையா இருந்து கேட்கேக்க நான் நிப்பாட்டினா மரியாதை இல்லை எண்டு வாயில வந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டு நிண்டனான். அந்த ஆட்டுக் கதையில பாதி பொய். தொண்டை வறண்டு போச்சு!"

யாரோ பின்னால் 'களுக்'கென்றார்கள். அவ்வளவுதான், நாற்பது பேரும் வெடித்தார்கள். பிரஷாந்த் நாற்காலியிலிருந்து சரிந்தே போனான். அவர் நிறுத்தட்டும் என்று இவர்கள், இவர்கள் எழட்டும் என்று அவர், ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு முக்கால் மணி நேரம் சிறைபட்டிருந்திருக்கிறார்கள். மலர்க்கொடிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"சட்டம் எனக்கும்தானே?" என்று ஜனகாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, இராஜரட்ணம் மேடையிலிருந்து இறங்கி, தன் சொந்தக் கூட்டத்தை விட்டு வெளியே நடந்தார். நேராகப் பின்னறைக்குப் போனார். பெரியவரே எழுந்துவிட்ட பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது மரியாதையா? மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் கிளம்பியது. இரண்டு கால் சட்டத்தைக்கூட நம் ஆட்கள் மரியாதைக்காகத்தான் கடைப்பிடித்தார்கள்.

பத்து நாற்காலி இருந்த அறையில் நாற்பது பேர். சன்னலுக்கு வெளியேயும் நின்றார்கள். மலர்க்கொடி நடுவில் நின்று டவர் செத்த கதையைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைக் கதையையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் ரேடியோ என்றார். இன்னொருவர் செயற்கைக்கோள் என்றார். பிரஷாந்த், தான் வேலை செய்யும் இடத்தில் தொட்டிகளுக்கு நடுவே செய்தி அனுப்பும் சின்னக் கருவிகளைப் பற்றி ஆர்வமாகச் சொன்னான். "வாங்கி, தூண் நட்டு, மாட்டி முடிக்க ரெண்டு மாசம் ஆகும்க்கா" என்று அவனே சுருதி இறங்கினான்.

"ரெண்டு நாளு தம்பி. எனக்கு ரெண்டே நாளுதான் இருக்கு."

"சரி, அப்ப இதச் சொல்லுங்க. கடைசியா எங்க சிக்னல் கிடைக்குது?" என்று கேட்டான் பிரஷாந்த்.

"மாரியம்மன் கோயில் மேட்டுல. அதத் தாண்டினா செத்துச்சு."

"அங்கிருந்து எடை மேடைக்கு எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம். அங்கிருந்து ஆயாக் கொட்டகைக்கு மூணு. நாலாம் நம்பர் லயத்துக்கு இன்னும் ஆறு." யோசிக்காமலே சொன்னாள். "மழ பேஞ்சா அந்த ஆறு பத்தாயிரும், செம்மண்ணு சறுக்கும். முன்னால செம்பனைக்குலை லோரி போனா எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு கூட்டிக்கணும், ஏன்னா முந்த முடியாது."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். அவளுடைய வாய் திறந்தபடியே இருந்தது. அவள் மெல்லத் திரும்பி, முதல் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இராஜரட்ணத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க ரோஜா!"

"திரும்பவுமோ?" என்றார் அவர், பயந்து.

"இல்ல அங்கிள், அந்தக் கம்பியப் பிடுங்கிப் போட்டுட்டுக் கடிகாரம் வச்சீங்கள்ல? வெயிலுக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு? நான் எதுக்கு ஒவ்வொரு இடத்துலயும் பொத்தான அமுக்கணும்? கோயில்கிட்ட ஒரே ஒரு வாட்டி அமுக்குறேன். எனக்குதான் நேரம் எல்லாம் தெரியுமே. மிச்சத்தக் கடிகாரம் பார்த்துக்கட்டும்!"

ஒரே கூச்சல். முஃபீத் மேசையைத் தட்டினான். "வீட்டுல பழைய போன் இருக்கா அக்கா? அத வைஃபைல போட்டு வைப்போம். கோயில்ல நீங்க அமுக்குனது அதுக்குப் போவும். அது எண்ணி எண்ணி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பும். வேனுக்கு சிக்னலே தேவயில்ல லா!" ஜனகா தரையிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். இனி பொத்தான்கள் மூன்று: வெயில், மழை, லோரி.

"மழையும் லோரியும் ஒண்டா வந்தா?" என்றார் இராஜரட்ணம்.

"மழையில லோரி மேட்டுக்கு ஏறாது அங்கிள், சறுக்கிரும்" என்றாள் மலர்க்கொடி. "லோரி ஏறுதா இல்லயான்னு கோயில் மேட்டுல நின்னு பார்த்தா வெளக்கு தெரியும்." அறை முழுவதும் அவளை ஒரு மாதிரி பார்த்தது. டவருக்குத் தெரியாததெல்லாம் இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற பார்வை. மலர்க்கொடிக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப நல்ல வெட்கம்.

நேரங்களை ஜனகா தட்டச்சு செய்தாள், பிரஷாந்த் சரிபார்த்தான், மலர்க்கொடி புதிதாக மறுபடியும் குரல் கொடுத்தாள். சோதித்துப் பார்க்க ஒரு எண் வேண்டும் என்றதும் இராஜரட்ணம் தன் எண்ணைக் கொடுத்தார். நாலாம் நம்பர் லயத்துப் பட்டியலில் அவரைச் சேர்த்து, வெயில் பொத்தானை அமுக்கிவிட்டு, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வேன் போய்ச் சேர இரண்டு நிமிடம் முன்னால் குரல் போக வேண்டும் என்று கணக்கு; ஆக, பதினோரு நிமிடம். நாற்பது பேர், ஒரு கைப்பேசி. அன்றைக்கு அந்த டேவானில் ஒருவரும் எழுந்து போக நினைக்காத நேரம் அது ஒன்றுதான். பெரியவரின் சட்டைப் பையிலிருந்து திடீரென்று மலர்க்கொடியின் குரல் அலறியது: "ஆன்ட்டி வந்துட்டேன், சப்பாத்துப் போட்டு ரெடியா இருங்க!" கை தட்டலில் சமையற்கட்டிலிருந்து ஆட்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் தம்புசாமி பொன்னாடைத் தட்டோடு வந்து நின்றார். யாருக்காவது போர்த்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. சொந்தக் கூட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்த முதல் பேச்சாளர் என்று ஜனகா அறிவிக்க, மலர்க்கொடியே அதை இராஜரட்ணத்துக்குப் போர்த்தினாள். அவர் அதைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். அவள் மறுத்தாள், அவர் விடவில்லை. இந்த மரியாதை எப்போது முடியும் என்று தெரியாமல் எல்லாரும் இலை முன்னால் காத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வேறெப்போது பிடிக்கும்? கோயில் மேட்டில் வேனை நிறுத்தி, மாரியம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, மலர்க்கொடி மழைப் பொத்தானை அமுக்கினாள். சரி என்று ஒரு சின்னப் பச்சை அடையாளம் வந்தது. இறங்கினாள். சிக்னல் செத்தது.

எடை மேடையில் இரண்டு பிள்ளைகள் குடையோடு ஓடி வந்தார்கள். ஆயாக் கொட்டகையில் ஐந்து பேர். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. செம்மண் வளைவில் சக்கரம் வழுக்கியது, பிடித்துக்கொண்டாள். நாலாம் நம்பர் லயத்து சிம்பாங்கில் விளக்கொளி விழுந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. வெறும் மழை. மூன்று பிள்ளைகளைக் கோயில் பக்கத்திலேயே ஏற்றியாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு பிள்ளைதான். மலர்க்கொடியின் கை ஆரன் பக்கம் போனது.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம் விழ, இரட்டைப் பின்னல், ரிப்பன், சப்பாத்து எல்லாம் காய்ந்தபடியே, குடையை விரித்துக்கொண்டு திவ்யதர்ஷினி வந்தாள். ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்க வாய்ஸ் இப்பதான் வந்துச்சு. வந்தவுடனே எழுந்துட்டேன்."

மலர்க்கொடி பிள்ளையின் தலையை ஒருமுறை தொட்டாள். ஒரு துளி ஈரம்கூட இல்லை. வேனைக் கிளப்பினாள். அவள் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துப் பிள்ளைகள், ஆன்ட்டிக்குச் சளி என்று முடிவு செய்தார்கள்.

பெரிய ரோட்டில் ஏறியதும் சிக்னல் வந்தது. போன் ஒரு தடவை கிணுகிணுத்தது. பள்ளி வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டுத்தான் பார்த்தாள். நாலாம் நம்பர் லயத்துப் பட்டியலிலிருந்து இராஜரட்ணத்தின் எண்ணை எடுக்க எல்லாருமே மறந்திருக்கிறார்கள். ஆறு மணி இருபது நிமிடத்துக்கு அவர் எழுதியிருந்தார்: "உம்முடைய குரல் கேட்டு எழும்பிட்டன். சப்பாத்தும் போட்டாச்சு. குடையோட வாசலில நிக்கிறன். எங்க வாறது?"

மலர்க்கொடி வேனுக்குள் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு போனை வாய்ப்பக்கம் கொண்டுபோய் அமுக்கினாள்.

"அங்கிள், நீங்க உக்காருங்க. புள்ள ரெடியா இருந்தா. நனையவே இல்ல."